பிரெஞ்சு டோஸ்ட் மட்டும் தெரிந்தவன்

‘சுகர்’ படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சியில் பந்தும் கிடையாது, மைதானமும் கிடையாது. அமெரிக்காவுக்கு வந்து சில நாட்களே ஆன டொமினிக்கன் பையன்கள் ஓர் உணவகத்தில் பசியாற உட்கார்ந்திருக்கிறார்கள். பரிமாறும் பெண் என்ன வேண்டும் என்று கேட்கிறாள். முன்பே வந்து பழகியவனுக்குத் தெரிந்த ஒரே உணவின் பெயர் பிரெஞ்சு டோஸ்ட். எல்லோரும் அதையே சொல்லிவிடுகிறார்கள். மறுநாளும் அதுதான், அதற்கு மறுநாளும் அதுதான். பிறகு ஒருநாள் மிகேல் துணிந்து முட்டை கேட்கிறான். முட்டை எப்படி வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவ்வளவுதான், பையன் மறுபடியும் பிரெஞ்சு டோஸ்டுக்கே போய்விடுகிறான். உள்ளே போன பெண் ஒரு தட்டில் முட்டையை விதவிதமாகச் செய்து கொண்டுவந்து வைக்கிறாள். ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி அதன் பெயரைச் சொல்கிறாள்.

வேறு யாராவது எடுத்திருந்தால் இந்த இடத்தில் வயலின் அழத் தொடங்கியிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அவன் சாப்பிடுகிறான், படம் அடுத்த நாளுக்குப் போகிறது.

ஆனா போடன், ரயன் ஃப்ளெக் இருவரும் சேர்ந்து எழுதி இயக்கிய இந்தப் படம் 2008 சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. பின்னாளில் ‘கேப்டன் மார்வெல்’ எடுத்தவர்களும் இவர்கள்தான். அதை வைத்து யாரும் பயப்பட வேண்டாம். டொமினிக்கன் குடியரசிலிருந்து வரும் மிகேல் சாண்டோஸ் என்ற இளம் பிட்சரின் கதை இது. ஊரில் அவனுக்குச் சர்க்கரை என்று பட்டப்பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு அவன் ஒரு காரணம் சொல்வான், கூட்டாளிகள் வேறு காரணம் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் போட்டுப் பார்த்தபோது ஒரு நண்பர் எரிச்சலாகவே சொன்னார்: “கடைசி வரைக்கும் ஒன்னுமே நடக்கலையே லா. ஜெயிக்கவும் இல்ல, செத்துப்போகவும் இல்ல.” இந்த எரிச்சல் எனக்கு முக்கியமாகப் பட்டது. விளையாட்டுப் படம் என்றால் நமக்கு ஒரு வாய்ப்பாடு பழகிவிட்டது. பயிற்சி என்பது ஒரு பாடலின் நீளம். வெறுங்காலில் ஓடுவான், டயரை இழுப்பான், மழையில் நனைவான், சரணம் முடிவதற்குள் உடம்பு தயாராகிவிடும். மீதிப் படம் முழுக்க இறுதி ஆட்டத்தை நோக்கிய ஏற்பாடு. ‘சுகர்’ இதைத் தலைகீழாகப் போடுகிறது. அந்த நான்கு நிமிடப் பாடலை விரித்து முழுப் படமாக்கிவிட்டு, இறுதி ஆட்டத்தை வெட்டி எறிந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று நண்பருக்குத் தோன்றிய நாட்களில்தான் எல்லாமே நடக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்ல, மைனர் லீக் பிட்சர் ஒருவனின் நாள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நம்மில் பலருக்குப் பள்ளியில் ஆடிய சாஃப்ட்பாலோடு இந்த விளையாட்டின் அறிமுகம் முடிந்துவிடுகிறது.

மைனர் லீக் என்றதும் சின்னப் பையன்கள் ஆடும் போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. மேலே முப்பது பெரிய அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏணிபோல் பல அணிகள்: புதியவர்களுக்கான லீக், அதற்கு மேல் சிங்கிள்-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ஏணியின் கீழ்ப்படி அமெரிக்காவில்கூட இல்லை. டொமினிக்கன் குடியரசில் ஒவ்வொரு பெரிய அணிக்கும் சொந்தமாக ஒரு அகாடமி உண்டு. அங்கே பதினாறு வயதில் ஒப்பந்தம் போடலாம். அப்படி ஒப்பந்தம் போட்டவர்களில் மிகச் சிலருக்கே அமெரிக்காவுக்கு விமான டிக்கெட் கிடைக்கும். அப்படி வந்தவர்களிலும் பெரும்பாலோர் இடைப்படி ஏதாவது ஒன்றில் நின்றுவிடுவார்கள். ஆக மைனர் லீக் என்பது பையன்களை வடிகட்டுவதற்காகவே நடக்கும் தொழிற்சாலை. மேலே போகிற ஒருவனுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் எதிரில் ஆட ஆள் வேண்டும், பந்து பிடிக்க ஆள் வேண்டும். மற்றவர்கள் அதற்காகவும் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிட்சரின் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தூரத்தில் இருப்பவனிடம் பந்தை எறிய வேண்டும். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தைவிட இது கொஞ்சம் குறைவு. பந்தும் கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே எடை குறைந்தது. ஆனால் பவுலர் கையை மடக்கி எறியக் கூடாது, பிட்சர் மடக்கித்தான் எறிய வேண்டும். வேகம் முழுவதும் முழங்கையின் உட்பக்கத்தில் உள்ள ஒரு சிறிய தசைநார் வழியாகப் போகிறது. அது கிழியும். 1974இல் ஃப்ராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து அங்கே பொருத்தினார். இன்று அந்த அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியின் பெயரே நிலைத்துவிட்டது. கல்லூரிக்குக்கூடப் போகாத பையன்கள் அதைச் செய்துகொண்டு வருகிறார்கள்.

அதனால் பிட்சர் தினமும் ஆடுவதில்லை. தொடக்கப் பிட்சர் என்றால் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆடுவது பழைய வழக்கம். கீழ் லீக்குகளில் இப்போது பலர் ஆறு நாளுக்கு ஒருமுறை ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் தோளைத் தூக்க முடியாது. அன்று ஓட்டம், நீட்டல், லேசான எறிதல். அதற்கடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ ஓரமாக உள்ள மேட்டில், பயிற்சியாளர் பார்க்க, முப்பது பந்துபோல எறிய வேண்டும். ஆட்டத்துக்கு முதல்நாள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அன்றைய பிட்சர் எறியும் ஒவ்வொரு பந்தையும் தாளில் குறிக்க வேண்டும்: என்ன வகை, எங்கே விழுந்தது, வேகம் எவ்வளவு. மட்டையாளர்கள் அடித்துப் பழகும்போது வெளிமைதானத்தில் நின்று பந்து பொறுக்க வேண்டும். வெயில், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புவது, பேச்சு, மறுபடி வெயில். வாரத்தில் அவன் உண்மையாகவே தொழில் செய்கிற நேரத்தைக் கூட்டினால் சில மணி நேரம்தான் வரும். மிச்சம் முழுக்க அந்தச் சில மணி நேரத்துக்காகக் கையைப் பாதுகாத்து வைப்பது. இதெல்லாம் போக, பிட்சர்களுக்கான தடுப்புப் பயிற்சி என்று ஒன்று உண்டு. எறிந்த கையோடு மேட்டிலிருந்து இறங்கி முதல் தளத்துக்கு ஓடி, கூட்டாளி தள்ளிவிடும் பந்தைப் பிடித்து, பார்க்காமலேயே காலால் தளத்தைத் தொட வேண்டும். திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டும். மறுபடியும் அதே. இதைவிடச் சலிப்பான பயிற்சி இந்த விளையாட்டில் இல்லை என்று பிட்சர்கள் புலம்புவார்கள்.

இந்த ஓட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

படத்தின் முதல் பகுதி அகாடமியில் நடக்கிறது. காலையில் எறிதல், மாலையில் ஆங்கில வகுப்பு. பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ஆசிரியர் சொல்வதைக் கோரஸாகத் திருப்பிச் சொல்கிறார்கள். பந்து உயரே வரும்போது ‘நான் பிடிக்கிறேன்’ என்று கத்துவது எப்படி, ஹோம் ரன், லைன் டிரைவ். நமக்குச் சிரிப்பு வருகிறது. யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. மைதானத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்ளாமல் இருக்க என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வயிறு பசித்தால் என்ன கேட்பது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அணிக்கு எந்த அளவு மொழி தேவையோ அந்த அளவு மொழிதான் பையனுக்குக் கிடைக்கிறது.

கோலாலம்பூரில் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். இராமநாதபுரத்திலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பி மூன்று மாதத்தில் ‘தே ஓ ஐஸ் லிமாவ்’ என்று சுத்தமாகக் கத்துவார். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் அங்கே வாய் திறக்காது. வேலைக்கான மொழி ஒன்று, உடம்புக்கான மொழி வேறொன்று. முதலாவதை மட்டும் கற்றுத்தரும் இடங்கள் உலகெங்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. மிகேலுக்கு மேலே ஒரு கனவு தொங்குகிறது, அந்தத் தம்பிக்கு அப்படி எதுவும் தொங்கவில்லை.

மிகேல் வரும் சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் வட்டாரம் கரும்பு ஆலைகளின் பூமி. ஆலைகளில் வேலை செய்ய ஹைட்டியிலிருந்தும் ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆலைக் குடியிருப்புகளுக்கு இடையில் நடந்த ஆட்டங்களிலிருந்து இந்த விளையாட்டு அங்கே வேர்பிடித்தது. ரிக்கோ கார்ட்டி, ஜார்ஜ் பெல், சாமி சோசா, ராபின்சன் கனோ எல்லோரும் இந்த ஊர்ப்பக்கம்தான். சர்க்கரை விலை விழுந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், அதே ஊரிலிருந்து ஏற்றுமதியான அடுத்த சரக்கு பையன்களின் கை. படத்தின் தலைப்பில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. இயக்குநர்கள் அதை ஒரு வசனத்தால்கூட விளக்கவில்லை. தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டிகளைக் கொண்ட நமக்கு விளக்கம் தேவையும் இல்லை.

மிகேலிடம் ஒரு வித்தை உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியைப் பந்தில் ஊன்றி வீசும் வளைபந்து. நேராக வருவதுபோல் வந்து மட்டைக்கு அருகே சடாரென்று கீழே இறங்கும். அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு தேர்வாளர் போகிறபோக்கில் சொல்லிக்கொடுத்தது. அதை வைத்துத்தான் அவன் அரிசோனாவின் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கும், அங்கிருந்து அயோவாவின் சிங்கிள்-ஏ அணிக்கும் போகிறான். அணிகளின் பெயர்கள் கற்பனை. முகாமின் சூழல் கற்பனை இல்லை. ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஏராளமான பையன்கள் அடுத்தடுத்த மைதானங்களில் ஒரே அசைவைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊரில் அவன் ஒருவன்தான் சர்க்கரை. இங்கே அவன் முதுகில் ஒரு எண்.

அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு வயதான தம்பதி அவனை வீட்டில் தங்கவைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு வீரனைத் தங்கவைப்பது அவர்கள் வழக்கம். நல்லவர்கள். இந்த நல்ல குணத்தைப் படம் கையாளும் விதம்தான் என்னைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது. அவர்கள் அவனைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், மெதுவாகவும் சத்தமாகவும் பேசினால் புரியும் என்று நம்புகிறார்கள். கெட்டவன் என்று சுட்ட அந்த ஊரில் யாருமே இல்லை. பயிற்சியாளரும் நல்லவர்தான். ஆனால் மாலையில் தன் அறைக்குள் போனதும் மிகேலின் முகம் தளர்வதைப் பார்க்கிறோம். நாள் முழுக்கச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்த முகம் அது. இதுவும் பயிற்சியின் பகுதி என்பதை எந்தக் கையேடும் எழுதாது.

நடுவில் ஹோர்ஹே. மிகேலுக்கு முன்னால் வந்தவன், ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவன், வழிகாட்டி. முழங்கால் அடிபட்டது பழையபடி சரியாகவில்லை. ஒருநாள் அணி அவனை விடுவித்துவிடுகிறது. விடுவித்தல் என்பது அங்கே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்குச் சொல்லும் சொல். எவ்வளவு அழகான சொல் பாருங்கள், பறவைக்குச் செய்வதுபோல! ஹோர்ஹே போனபின் மிகேலுக்குத் தாய்மொழியில் பேச அநேகமாக ஆளில்லை. இன்னொரு பக்கம் பிராட் என்ற கறுப்பின அமெரிக்க வீரன். பெரிய தொகைக்கு எடுக்கப்பட்டவன், ஸ்டான்ஃபர்டில் படித்தவன். இருவருக்கும் இடையே அரைகுறையாக ஒரு நட்பு உருவாகிறது. படத்தின் மிகக் கூர்மையான வேறுபாடு இந்த இருவருக்கும் இடையில்தான் இருக்கிறது. பிராட் தோற்றால் அவனுக்குத் திரும்பிப்போக ஒரு படிப்பு இருக்கிறது. மிகேலுக்குத் திரும்பிப்போக ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் அவன் தோற்றுத் திரும்புவதற்காக அவனை அனுப்பவில்லை.

இனி அந்த ஓட்டத்துக்கு வருவோம். நன்றாக எறிந்துகொண்டிருந்த மிகேலுக்கு அடிபடும் இடம் முதல் தளம். பந்தைப் பிடித்துக் காலால் தளத்தைத் தொடும் அந்த மிகச் சாதாரண ஆட்டம். ஆயிரம் முறை வரிசையில் நின்று பழகிய அசைவு. அவனுக்கு மிகவும் பிடித்த வளைபந்தை எறியும்போது தோள் கிழிந்து விழுந்திருந்தால் அது துன்பியல் நாடகம். இங்கே காலில் அடி, அதுவும் குனிந்து நிமிர்வதுபோன்ற ஒரு வேலையின் நடுவில். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சில வாரம் கழித்து மேட்டுக்குத் திரும்பும்போது எறியும் உடம்பின் தாளம் அவனிடம் இல்லை. இறங்கும் கால் நம்பாதபோது கை என்ன செய்யும்? பந்து வெளியே போகிறது. இன்னொரு பந்தும் வெளியே போகிறது. மாத்திரை போட்டுப் பார்க்கிறான். அதற்குள் ஊரிலிருந்து அடுத்த பையன் வந்து நிற்கிறான், இவனைவிட இளையவன், இவனைவிட நன்றாக எறிபவன். ஹோர்ஹேக்கு நடந்தது தனக்கு எப்போது நடக்கும் என்று கணக்குப் போட மிகேலுக்கு ஆங்கிலம் தேவையில்லை.

அவர்கள் அனுப்புவதற்கு முன் அவனே போய்விடுகிறான். யாரிடமும் சொல்லாமல் நியூயார்க்குக்குப் பேருந்து ஏறுகிறான். எங்கள் குழுவில் பெரிய சண்டை இங்கேதான் வந்தது. கோழைத்தனம் என்றார் ஒருவர். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்றார் இன்னொருவர். இந்தப் ‘பொறுத்திருந்தால்’ என்ற சொல்லின் மேல்தான் மைனர் லீக் என்ற கட்டடமே நிற்கிறது என்பது என் எண்ணம். பையன் பொறுத்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் அவனுக்கு அவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிகிறது. படம் அவனை நியாயப்படுத்தவில்லை, கண்டிக்கவும் இல்லை. தன் கையை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதை முதன்முறையாக அவனே முடிவு செய்கிறான். அதற்கு அவன் கொடுக்கும் விலை பெரியது. விசா அணியோடு கட்டப்பட்டது. இனி அவன் அந்த நாட்டில் சட்டப்படி யாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாட் ஜோர்டன் 1975இல் வெளியிட்ட ‘எ ஃபால்ஸ் ஸ்பிரிங்’ என்ற தன்வரலாறு. கனெக்டிகட் மாநிலத்துப் பையன். 1959இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணி பெரும் முன்பணம் கொடுத்து எடுத்த பிட்சர். நெப்ராஸ்காவின் மெக்குக் என்ற சிற்றூரில் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் முடிந்துவிட்டான். அவனோடு மெக்குக்கில் எறிந்தவர்களில் ஒருவர் ஃபில் நீக்ரோ. அவர் பிறகு 300 ஆட்டங்களுக்கு மேல் வென்றார். ஜோர்டனுக்கும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். எறியும் தாளம் கையைவிட்டுப் போனது, திரும்பவில்லை. அந்த நூலின் இரக்கமற்ற தன்மை எனக்குப் பிடிக்கும். தன் அகந்தையையும், தனிமையையும், கூட்டாளிகளைத் தான் நடத்திய விதத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அவருக்குத் தோல்வி ஒரு பாடப்பொருளானது. பத்திரிகை எழுத்தாளராக வாழ்ந்தார். 1997இல், ஐம்பத்தாறு வயதில், ஒரு சுயேச்சை லீக் அணிக்காக மறுபடி மேட்டில் ஏறி ஒரு இன்னிங்ஸ் எறிந்தார். அதைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார்.

தோற்ற பிட்சர்கள் எழுதிய நூல்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் அலமாரியே உண்டு. ஆனால் அவை அமெரிக்கப் பையன்கள் எழுதியவை. தோல்வியை நினைத்துப் பார்க்க நேரமும், அதை எழுத மொழியும், வாங்கிப் போடப் பதிப்பகமும் அவர்களுக்கு இருந்தன. மிகேல்கள் எழுதிய புத்தகம் எதுவும் என் கையில் கிடைத்ததில்லை. ஜோர்டனின் நூலில் நாம் அவர் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். ‘சுகர்’ படத்திலோ அவன் என்ன நினைக்கிறான் என்பது கடைசிவரை முழுதாகத் தெரிவதில்லை. இரண்டு அமெரிக்க இயக்குநர்கள் ஒரு டொமினிக்கன் பையனின் மனதுக்குள் புகுந்து குரல் கொடுக்காமல், அவன் முகத்துக்கு வெளியே நின்றது படத்தின் நேர்மை என்று நினைக்கிறேன். மிகேலாக வரும் அல்ஹேனிஸ் பெரெஸ் சோட்டோ நடிகரே அல்ல, பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த முகத்தில் நடிப்புப் பயிற்சியின் தடயம் கிடையாது. எரிச்சல் வந்தால் எரிச்சல், குழப்பம் வந்தால் குழப்பம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. தம்பதியின் பேத்தி பாத்திரம் மிக மெலிது. அவள் வருவதே அவனுடைய தனிமையைக் கூட்டிக் காட்டத்தான். நியூயார்க்கில் அவனுக்குக் கிடைக்கும் தச்சுப் பட்டறையும் கனிவான முதலாளியும் கொஞ்சம் அதிகமாகவே வசதியாக அமைந்துவிட்டன. என் பெரிய புகார் வேறு. படம் பணத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. அந்தப் பருவங்களில் சிங்கிள்-ஏ வீரனின் சம்பளம் ஆட்ட மாதங்களுக்கு மட்டும்தான். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. அதாவது ‘பயிற்சி’ என்று பெயர் வைத்துவிட்டால் அது வேலை ஆகாது. முன்னாள் வீரர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். வழக்கை முன்னெடுத்த வழக்கறிஞர்களில் ஒருவரான காரெட் ப்ரோஷியஸ் ஒரு காலத்தில் மைனர் லீக் பிட்சர். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்கு மிகைநேர ஊதியம் தேவையில்லை என்று சட்டமே போட்டது. அந்தச் சட்டத்துக்கு நாட்டின் பொழுதுபோக்கைக் காப்பாற்றுவது என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்! 2022இல் வழக்கு 185 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. 2023இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. கீழ்நிலை ஏ லீக்கில் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலரானது. ஒரு கையெழுத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க முடிந்திருக்கிறது என்றால், அதுவரை எதைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றாதா? ‘சுகர்’ இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுகிறது.

இன்றைய முகாமில் மிகேல் இருந்தால் அவன் எறியும் ஒவ்வொரு பந்தின் சுழற்சியையும் ஒரு கருவி எண்ணும். பந்து விரலைவிட்டுப் பிரியும் கோணம் திரையில் தெரியும். கடிகாரம் வைத்து எறியச் சொல்வார்கள். தங்க வீடும் அணியே ஏற்பாடு செய்து தரும். பல விஷயங்கள் மேம்பட்டுவிட்டன, உண்மை. ஆனால் ஒரு பையனின் உடம்பைப் பற்றி அவனைவிட மற்றவர்களுக்கு அதிகம் தெரியும் என்ற நிலைமை முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது.

கடைசிப் பகுதியில் மிகேல் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான், பட்டறையில் மரத்தை இழைத்து ஒரு மேசை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொது மைதானத்துக்குப் போகிறான். அங்கே அவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துத் தங்கள் பெயரையும், ஊரையும், எந்த அணியில் ஒப்பந்தமானோம் என்பதையும் சொல்கிறார்கள். பெரிய அணிகளின் பெயர்கள்தான் எல்லாம். அவர்கள் அதை மறைக்கவில்லை, அழவும் இல்லை. ஓரிடத்தில் வேலை பார்த்ததைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். பிறகு ஆட்டம். மிகேல் எறிகிறான், எறிந்துவிட்டு வந்து பெஞ்சில் உட்காருகிறான். கேமரா அவன் முகத்தில் நிற்கிறது. முதலில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது போகும்வரை கேமரா நகர்வதில்லை.